முதல் வேட்டைத் துவக்கு: காசை எதில் போடுவது?

கேள்வி: வரும் வருடம் குடும்பத்தோடு கனடா போய் எட்மன்டனில் குடியேறப் போகிறோம். அங்கே இருக்கும் மச்சான் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறவர், இனி என்னையும் சேர்த்துக்கொண்டுதான் போவாராம். “வாங்கினால் ஒரேயடியாக 300 வின்செஸ்டர் மக்னம் தோட்டா போடும் ரைபிளே வாங்கு, மானுக்கும் ஆகும், மூஸ் என்ற பெரிய மானுக்கும் ஆகும்” என்கிறார். நான் இதுவரை துவக்கைத் தொட்டதே இல்லை. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். எல்லாமாக 1500 கனேடிய டொலர் ஒதுக்கலாம். எதை வாங்குவது, வாங்கிய பிறகு எப்படித் தயார்படுத்துவது? குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பை புறக்கோட்டையில் மலிவாக எடுத்துக்கொண்டு போகலாமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஸ்கோப்பை ரைபிள் வாங்கும் கடையிலேயே வாங்குங்கள். பிழைத்தால் திருப்பிக் கொடுக்க ஒரு மேசை இருக்கும், பொருத்திப் பார்த்தும் தருவார்கள்.

மச்சான் சொன்னதில் பொய் இல்லை. 300 வின்செஸ்டர் மக்னம் மூஸையும் விழுத்தும், இன்னொரு பெரிய மான் வகையான எல்க்கையும் விழுத்தும். ஆனால் அவர் பல வருடம் சுட்டுப் பழகிய தோளோடு பேசுகிறார். அந்தத் தோட்டாவின் உதை, அதாவது வெடிக்கும்போது ரைபிள் தோளில் இடிக்கும் இடி, 308 வின்செஸ்டர் தோட்டாவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதிலும் பாரம் குறைந்த மலிவு ரைபிளில் என்றால் சொல்லவே வேண்டாம். புதிதாகச் சுடுகிறவருக்கு உதை பெரிதானால் என்ன நடக்கும் தெரியுமா, நாலாவது ஐந்தாவது வெடியிலேயே உடம்பு முன்கூட்டிப் பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடித் தோளைத் தள்ளிவிடும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. அப்புறம் தோட்டா விலையும் கூட, ஆகவே குறைவாகச் சுடுவீர்கள், குறைவாகச் சுட்டால் பழகவும் மாட்டீர்கள்.

என் தெரிவு 308. 1952இல் வந்தது, கனடாவில் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், மானுக்குத் தாராளம், நியாயமான தூரத்தில் மூஸுக்கும் போதும். உதையை நினைத்தால் இன்னும் பயம் என்றால் 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் இருக்கிறது, மெத்தென்று சுடும். 243 வின்செஸ்டரும் மானுக்கு நல்லதுதான், ஆனால் மூஸ் ஆசை இருந்தால் அது காணாது. எட்மன்டன் இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் பெரிய மிருகங்களுக்கு 23 கலிபருக்கு (0.23 அங்குல விட்டத்துக்கு)க் குறைந்த தோட்டா சட்டப்படி கூடாது. ஆகவே யாராவது 223ஐ “உதையே இல்லை, மலிவு” என்று நீட்டினால் வாங்க வேண்டாம்.

ரைபிள் என்றால் போல்ட் அக்‌ஷன். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளுவது; எளிமை, நம்பிக்கை, துப்புரவு செய்யவும் சுகம். ருகர் அமெரிக்கன், சாவேஜ் அக்ஸிஸ் இரண்டும் தொடக்கக்காரர் விலையில் வருகிறவை, பார்க்க அழகில்லை, ஆனால் குறி தப்பாது. பின்லாந்துத் தயாரிப்பான டிக்கா டி3எக்ஸ் போல்ட்டை இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும், விலையும் கிட்டத்தட்ட இரு மடங்கு கேட்கும். 1500க்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் நான் முதல் இரண்டில் ஒன்றோடு நிற்பேன். மொத்தக் காசில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ரைபிளுக்கு, கால்வாசி ஸ்கோப்புக்கும் அதன் வளையங்களுக்கும், மிச்சத்தைத் தோட்டாவுக்கும் காது மூடிக்கும் பூட்டுக்கும் வையுங்கள். மிச்சம் என்று சொன்னேனே தவிர, உண்மையில் உங்களை வேட்டைக்காரராக்கப் போவது அந்தத் தோட்டாக் காசுதான். ஸ்கோப் பூட்டியே வரும் பொதி ரைபிள்களைக் கடையில் முதலில் காட்டுவார்கள். அவற்றின் ஸ்கோப் பெரும்பாலும் விலையைக் குறைக்கப் போட்டது, ரைபிளை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

இனி உங்கள் உயரம். கடை ரைபிள்களில் விசையிலிருந்து, தோளில் அணையும் பிடங்கின் பின்விளிம்பு வரை சாதாரணமாக 13.5 அங்குலம் இருக்கும், அது உங்களைவிட உயரமான ஆளுக்கு வெட்டிய அளவு. காம்பக்ட், யூத் என்று எழுதியவற்றில் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு. யூத் என்று எழுதியிருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். இன்னொன்று, கொழும்பு வெக்கையில் இருந்து போகிறவருக்கு இது தோன்றாது: நவம்பரில் அங்கே தடித்த ஜக்கெட் போட்டுத்தான் சுடுவீர்கள், அந்தத் தடிப்பு பிடங்கை இன்னும் நீளமாக்கிவிடும், கண் ஸ்கோப்பிலிருந்து பின்னுக்குப் போய்விடும். ஆகவே கடைக்குப் போகும்போது ஜக்கெட்டைக் கொண்டுபோங்கள், போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எந்தக் கண் உங்களுக்கு மூத்த கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தி நிற்கும் கண் என்பதை இப்போதே வெள்ளவத்தையிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்து விளக்குக் கம்பம் ஒன்றைப் பெருவிரலால் மறையுங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் மறைந்தே இருக்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் மூத்ததாக இருந்தால் ரைபிள் வாங்குமுன் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், இடக்கை போல்ட்டும் கிடைக்கும்.

ஸ்கோப் 3-9x40 போதும், அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர். பத்துக்கு மேல் பெருக்கும் கண்ணாடி பற்றைக்குள் மானைத் தேடவிடாது, படம் ஆடிக்கொண்டே இருக்கும். பொருத்துவதில்தான் அதிகம் பிழைக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வையுங்கள், போல்ட்டைக் கழற்றுங்கள், குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ரைபிளின் மேல் ஸ்கோப் வளையங்களைத் தாங்கும் அடித்தளத்தை இறுக்குங்கள், வளையத்தில் ஸ்கோப்பை நகரக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஜக்கெட்டோடு கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைப் பிடங்கில் வைத்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். வட்டம் முழுதாக வெளிச்சமாக இருந்தால் சரி. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் ஸ்கோப்பை முன்னுக்கோ பின்னுக்கோ கொஞ்சம் நகர்த்த வேண்டும், கழுத்தை நகர்த்தக் கூடாது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குலமளவு இடைவெளி வேண்டும், குறைந்தால் உதையில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். குறுக்குக் கோட்டை நேராக்கி, வளையத் திருகாணிகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்கோப் நிறுவனம் சொன்ன இறுக்கத்துக்கு மேல் போனால் குழாய் நசுங்கும். அளவுபார்க்கும் திருகுக்கருவி இல்லையென்றால் கடையில் கொடுத்துச் செய்விப்பதே மேல்.

பிறகு சுடுதளம். மணல்மூட்டையில் ரைபிளை வைத்து, போல்ட் இல்லாமல் குழலுக்குள்ளால் 25 யார்ட் இலக்கைப் பாருங்கள், ரைபிளை அசைக்காமல் ஸ்கோப் கோட்டையும் அதே புள்ளிக்குத் திருப்புங்கள். இப்போது போல்ட்டைப் போட்டு 25இல் சுடலாம். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (மிகச் சிறிய கோண அளவு), அதாவது 100 யார்டில் கால் அங்குலம், 25இல் அங்குலத்தின் பதினாறில் ஒன்று. 25இல் மூன்று அங்குலம் இடது பக்கம் விழுந்தால் வலதுக்கு 48 கிளிக். இந்தக் கணக்குத் தெரியாமல் நாலு கிளிக் திருப்பிப் பார்த்து, இன்னும் நாலு திருப்பிப் பார்த்து, ஒரு பெட்டித் தோட்டாவை அங்கேயே தின்றுவிடுகிறவர்கள் உண்டு. 25இல் நடுவுக்கு வந்ததும் 100க்குப் போய் மூன்று மூன்றாகச் சுடுங்கள். ஒரு வெடியைப் பார்த்துத் திருகாதீர்கள், மூன்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள், இடையில் குழலை ஆறவிடுங்கள். 308இல் 150 கிரெய்ன் எடைக் குண்டுள்ள தோட்டாவை 100 யார்டில் இரண்டு அங்குலமளவு மேலே விழும்படி வைத்தால் 200 யார்டில் ஏறத்தாழ நேராக விழும், 300இல் எட்டு அங்குலம்போலக் கீழே போய்விடும். மானின் நெஞ்சறை ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலம்தான். ஆகவே முதல் வருடம் 150 யார்டுக்கு மேல் சுடுவதில்லை என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள், மச்சான் என்ன சொன்னாலும். தோட்டா ரகத்தை மாற்றினால் விழும் இடமும் மாறும், எதில் குறி வைத்தீர்களோ அதே பெட்டியைத்தான் காட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். குழலில் பொறித்த தோட்டாப் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், மச்சானின் 300 பெட்டியும் உங்கள் 308 பெட்டியும் ஒரே மேசையில் கிடக்கும் நாள் வரத்தான் போகிறது.

காதுக்கு பஞ்சு போதாது. 140 டெசிபெலுக்கு மேல் ஒரே ஒரு வெடியே காதைக் கெடுக்கும், ரைபிள் அதைத் தாண்டித்தான் வெடிக்கிறது. உள்ளே அடைப்பானும் மேலே மூடியும் இரண்டும் போடுங்கள்.

குளிரில் தடித்த எண்ணெய் போல்ட்டுக்குள் இறுகி, தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி மந்தமாக அடிக்கும். சீசனுக்கு முன் துடைத்து மெல்லிதாக மட்டும் பூசுங்கள். வெளியில் உறைந்த ரைபிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உறையைத் திறக்காமல் சில மணித்தியாலம் விடுங்கள், இல்லாவிட்டால் உலோகமெல்லாம் வியர்த்துவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் லைசென்ஸ். கனடாவில் பாதுகாப்புப் பாடநெறி, பரீட்சை, அதன் பிறகு பிஏஎல் எனும் உரிமத்துக்கு விண்ணப்பம், முதல்முறை என்றால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. உங்களை மூன்று வருடமாவது தெரிந்த இருவரின் பெயர் கேட்பார்கள், புதிதாகப் போகிறவருக்கு இதுதான் தலைவலி, இப்போதே யோசித்து வையுங்கள். மனைவியின் கையொப்பமும் கேட்பார்கள். அவர் போடாவிட்டால் அதிகாரிகளே அவரிடம் பேசுவார்கள், ஆகவே வீட்டில் சொல்லாமல் வாங்கும் வேலை நடக்காது. வேட்டைக்குத் தனியாக அல்பேர்ட்டாவின் வேட்டைக் கல்வி. வீட்டில் ரைபிள் தோட்டா இல்லாமல், பூட்டோடு, தோட்டா எட்டாத இடத்தில்.

அதுவரை கை துறுதுறுத்தால் இங்கே சுடும் விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன, நம் நாட்டுத் தெஹானி எகொடவெலகூட டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் நின்றவர். மூச்சும் விசையும் பழகக் காற்றழுத்தத்தில் சுடும் அந்த எயார் ரைபிளைவிட மலிவான வழி இல்லை.

கேள்வி: அதே மச்சானின் நண்பர் ஒருவர் தன் ரெமிங்டன் 700ஐ அரை விலைக்குத் தருகிறாராம். பழையதை வாங்கலாமா?
— அதே வாசகர்

பதில்: பழைய போல்ட் ரைபிள் மோசமில்லை, நன்றாக வைத்திருந்தால் தலைமுறைக்கு நிற்கும். ஆனால் இந்த மொடலில் ஒரு விஷயம் கட்டாயம் கேளுங்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரித்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பூட்டிய 700களை, விசையை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே 2014இல் திருப்பி அழைத்தது. அந்தக் காலத்து ரைபிள் என்றால் விசை மாற்றியதற்கு ரசீது காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் துவக்கு பழுதுபார்ப்பவரிடம் புது விசை போடும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், அரை விலை அப்போது அரை விலையாக இராது. குழல் வாயின் விளிம்பில் வெட்டு இருக்கிறதா, டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே துரு தெரிகிறதா, திருகாணித் தலைகள் கிழிந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கிழிந்த தலை என்றால் யாரோ அரைகுறை ஆள் உள்ளே கைவைத்திருக்கிறார். கைமாற்றும்போது விற்பவர் உங்கள் பிஏஎல் செல்லுமா என்று பதிவாளரிடம் சரிபார்த்து ஓர் இலக்கம் எடுக்க வேண்டும், 2022 மே முதல் இது சட்டம். “நம்ம ஆள்தானே” என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வவுனியாவில் அப்பாவுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸோடு ஒரு சொட்கன் இருந்தது. அப்பா போன மாதம் இறந்துவிட்டார். ஞாபகமாகக் கொழும்பு வீட்டில் வைத்திருக்கலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: கூடாது. லைசென்ஸ் அப்பாவின் பெயருக்குக் கொடுத்தது, உங்களுக்கல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், சுட்டீர்களா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. முக்கியமாக அதை நீங்களே வான் வண்டியில் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுவராதீர்கள். துவக்கு இருக்கும் இடத்துப் பொலிஸுக்கு மரணச் சான்றிதழோடும் பழைய லைசென்ஸோடும் போய் அறிவியுங்கள், ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். அண்ணன் தம்பி யாராவது அங்கே வயல் செய்கிறார்கள் என்றால் அவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கட்டும். ஞாபகத்துக்கு அப்பாவின் லைசென்ஸைப் படப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் தம்பி கனடாவில் இருந்து வருகிறான். வேட்டையில் சுட்ட வெற்றுத் தோட்டாக் கோதுகளைச் சாவிக்கோர்வையாக்கிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவரட்டுமா என்கிறான். அப்படியே இரண்டு பேரும் வன்னிப் பக்கம் போய் மான் பார்க்கவும் யோசனை.
— தெஹிவளை வாசகர்

பதில்: கோது வேண்டாம். ஸ்கேனரில் தோட்டா மாதிரித்தான் தெரியும், கட்டுநாயக்காவில் விடுமுறையின் முதல் நாளை விளக்கம் சொல்லியே கழிப்பீர்கள். வேட்டைக்குக் கொண்டுபோன அதே பையில் வருகிறான் என்றால் எல்லாப் பொக்கற்றையும் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள், மறந்துபோன ஒரு நல்ல தோட்டா கிடந்தால் அது வேறு கதை. பிள்ளைகளுக்கு மேப்பிள் சிரப் கொண்டுவரட்டும். மான் பார்க்க என்றால் பைனாகுலரோடு வில்பத்துவுக்குப் போங்கள். சுட என்றால் இங்கே மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, தம்பியின் கனடா லைசென்ஸ் இங்கே வெறும் அட்டை. இருட்டில் காட்டுக்குள் இறங்கினால் மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கில் காலைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. வழியில் யாராவது மான் வத்தல் என்று நீட்டினால் அதையும் வாங்காதீர்கள்.