ஊழியப் பயணத்தில் தாமதமான பெட்டி: புகார் கொடுக்க 21 நாள்தான்

கேள்வி: ஐயா, எனக்குத் தங்கச்சிமடம். எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் கென்யாவுக்கு இரண்டு வார ஊழியத்துக்குப் போய் வந்தோம். சென்னையில் ஏறவேண்டிய விமானம் டெக்னிக்கல் கோளாறு என்று ஐந்து மணி நேரம் தாமதம். அதனால் வளைகுடாவில் மாறவேண்டிய விமானம் போய்விட்டது. 26 மணி நேரம் விமான நிலைய நாற்காலியிலேயே கிடந்தோம். ரூம் தரவில்லை, சாப்பாடும் எங்கள் காசு. நைரோபியில் இறங்கினால் என் பெயரில் போட்ட இரண்டு பெட்டிகள் வரவில்லை. கண் முகாமுக்கு வாங்கிய 140 வாசிப்புக் கண்ணாடிகள் அதற்குள்தான். ஐந்தாம் நாள் வந்தன. ஒன்று நசுங்கி, பாதிக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. பெட்டி கைக்கு வந்து இன்றோடு 16 நாள். டிக்கெட் போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால், "சபை கொடுத்த பணம், நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்?" என்கிறார். பாஸ்டர் ஐயாவோ, "கர்த்தருடைய வேலைக்குப் போனோம், விட்டுவிடுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் போன் செய்து முதலில் சொன்னது தேதிக் கணக்கைத்தான். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். சேதமான பெட்டிக்கு ஏழே நாள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு இது. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது. நமது 1972ஆம் ஆண்டு 'கேரியேஜ் பை ஏர்' சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக அது நடைமுறையில் இருக்கிறது. கெடு தாண்டினால், நிறுவனம் மோசடி செய்திருந்தால் ஒழிய, வழக்கு நிற்காது.

நைரோபி கவுண்டரில் பெட்டி வரவில்லை என்று எழுதி வாங்கிய பி.ஐ.ஆர். தாளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது பெட்டியைத் தேடுவதற்கான தாள். இழப்பீடு வேண்டும் என்ற கடிதம் தனியாகப் போகட்டும்: மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீட் போஸ்டில் ஒன்று. செக்-இன்னில் போர்டிங் பாஸின் பின்னால் விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டித் தருவார்களே, அதிலுள்ள பத்து இலக்க எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள். அந்தச் சீட்டைக் கசக்கிப் போடாமல் வேதாகமத்துக்குள் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். பெட்டி உங்கள் பெயரில் போனது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நசுங்கிய பெட்டியின் ஏழு நாள் முடிந்துவிட்டது. ஆனால் கூட வந்த தம்பி, பெட்டியைத் திறந்த அன்றே படம் எடுத்து நிறுவனத்துக்கு மெயில் போட்டதாகச் சொன்னீர்களே, அந்த மெயிலைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கெடுவுக்குள் அனுப்பியிருந்தாலே போதும். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மின்னஞ்சலும் எழுத்துதான் என்று வாதாட முடியும். மெயில் கிடைக்காவிட்டால் உடைந்த கண்ணாடிகளுக்குப் பணம் வருவது கடினம். உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

இனி 'சபைப் பணம்' என்ற பேச்சு. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் முந்தானையில் முடிந்துவைத்துப் போட்ட காணிக்கை அது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பணம் கட்டியவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அவர் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோர்தான். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, நாற்காலியில் கிடந்தது நீங்கள். ஆகவே கேட்கும் உரிமை உங்களுடையது. சொல்லப்போனால் சபையின் டிரஸ்ட் பெயரில் மனுப் போடாமல் இருப்பதே நல்லது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டிரஸ்ட் புகார் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. புதிய சட்டத்தின் வாசகம் அகலமானது என்றாலும், அந்தச் சண்டைக்குள் நீங்கள் ஏன் போக வேண்டும்? பயணிகள் பெயரிலேயே போடுங்கள்.

26 மணி நேரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து நைரோபி வரை ஒரே பி.என்.ஆர். எண்ணா என்று டிக்கெட்டைப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் தாமதத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவின்படி நிறுவனம் பொறுப்பு. தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா ஏற்பாடும் செய்தோம் என்று நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. 'டெக்னிக்கல் கோளாறு' என்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு தனி டிக்கெட்டாக ஒட்டிப்போட்டிருந்தால் கதை வேறு. அப்போது அந்த ஆபத்தைச் சொல்லாமல் விற்ற ஏஜென்ட்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

தொகையில் பேராசை வேண்டாம். 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கையின் உச்சவரம்பு, பெட்டிகளுக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். பயணத் தாமதத்துக்கு 6,303 எஸ்.டி.ஆர். இவை உச்சவரம்புகள்தான். கையில் வருவது நிரூபித்த நஷ்டம். விமான நிலையத்தில் சாப்பிட்ட பில், முகாமுக்காக நைரோபியில் அவசரமாக வாங்கிய கண்ணாடிகளின் பில், வீணாய் நின்ற வேனின் வாடகை, எல்லாவற்றையும் சேருங்கள். பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் பாலிசியையும் பாருங்கள்.

வழக்குக்குச் சென்னை போக வேண்டியதில்லை. போய்த் திரும்பும் டிக்கெட் என்பதால் சட்டப்படி உங்கள் பயணம் முடியும் இடம் இந்தியாதான். குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போட நுகர்வோர் சட்டத்தின் 34ஆவது பிரிவு இடம் தருகிறது. ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஒன்பது பேரும் சேர்ந்து போட்டு, டிக்கெட் விலை ஐந்து லட்சத்தைத் தாண்டி பத்துக்குள் இருந்தால் 200 ரூபாய். காலக்கெடு இரண்டு வருடம்.

பாஸ்டர் ஐயாவிடம் பணிவாக ஒன்று சொல்லுங்கள். பவுல் தம் ரோமக் குடியுரிமையை மறைக்காமல் சொன்னவர், ரோமப் பேரரசனான இராயனிடமே முறையிட்டவர். ஏழைகள் கொடுத்த காணிக்கைக்குக் கணக்குக் கேட்பதில் விசுவாசத்துக்குக் குறைவில்லை. மனத்தாங்கல் இல்லாமலும் கேட்கலாம்.

ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 30 நாள் பார்ப்போம். பதில் வராவிட்டால் ஒன்பது பேரும் ஆதார், டிக்கெட் நகல், பில்களோடு அலுவலகத்துக்கு வாருங்கள், மனுவை எழுதிவிடலாம்.