அகாடமியிலிருந்து திரும்பி வந்த பையன்

அன்புள்ள அம்மா,

‘பெரிய கால்பந்து அகாடமியில் எடுத்தார்கள், ஒரு வருஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். அவனும் உங்கள் மகனைப் போல நடுக்கள ஆட்டக்காரன்தான்.

ஸ்டனிஸ்லாவ் லோபோட்கா 1994-இல் ஸ்லோவாக்கியாவின் டிரென்சினில் பிறந்தவர். உள்ளூர் கிளப்பில் வளர்ந்து, 2013-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குக் கடனாக, அதாவது தன் கிளப்பின் ஆட்டக்காரராக இருந்தபடியே தற்காலிகமாக ஆட, போனார். அங்கே இரண்டாம் அணியில் ஒரு சீசன் ஆடினார். அயாக்ஸ் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு டிரென்சினுக்கே திரும்பினார்.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த இடத்தில் வாராவாரம் ஆட்டம் கிடைத்தது. 2014–15 சீசனில் டிரென்சின் தன் வரலாற்றில் முதல்முறையாக லீக் பட்டத்தை வென்றது; கோப்பையும் சேர்ந்து வந்தது. அதன்பின் டென்மார்க், ஸ்பெயின், 2020 ஜனவரியில் இத்தாலியின் நாப்போலி. அங்கேயும் முதல் ஒன்றரை வருஷம் பெரும்பாலும் பெஞ்சுதான். 2021-இல் ஸ்பலெட்டி பயிற்சியாளராக வந்து, தற்காப்புக்கு முன்னால் நிற்கும் இடத்தை அவருக்கே கொடுத்தார். 2023-இல் நாப்போலி 33 வருஷத்துக்குப் பிறகு இத்தாலிய லீக்கை வென்றபோது நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தியவர் அவர்தான். 2025-இல் இன்னொரு பட்டம்.

‘என் பையன் கோலே போடுவதில்லை’ என்று வருத்தப்பட்டிருந்தீர்களே, லோபோட்காவும் கோல் போடுவது அபூர்வம். உயரமும் சுமார் 170 சென்டிமீட்டர்தான். அவர் ஆடும் வீடியோவில் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே தலை இரண்டு பக்கமும் திரும்பிவிடும். முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்பான். தோளைச் சற்றுச் சாய்ப்பார், அவன் ஒரு பக்கம் போவான், இவர் மறுபக்கம் திரும்பியிருப்பார். ஸ்கோர்கார்டில் இதற்கு இடமில்லை, ஆனால் நடுக்களத்துக்கு ஆள் தேடி வருகிறவர்கள் பார்ப்பது இதைத்தான்.

திரும்பி வந்த எல்லோரும் லோபோட்கா ஆகிவிட மாட்டார்கள். அப்படி ஆசைகாட்டிக் காசு வாங்கும் ஏஜென்ட்டுகளை எனக்குத் தெரியும். அதனால் படிப்பை நிறுத்தாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பை இந்த வருஷமே முடிக்கட்டும். அடுத்த கிளப்பைத் தேடும்போது மைதானத்தின் பளபளப்பையும் ஜெர்சியில் இருக்கும் பெயரையும் விடுங்கள். ‘இவன் வயதுப் பையன்கள் போன சீசனில் எத்தனை நிமிஷம் ஆடினார்கள்?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. போன வருஷம் அவன் எத்தனை ஆட்டத்தில் களம் இறங்கினான் என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. அவனிடமே கேட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.