முந்நூறு நாற்காலியும் பதினேழு பேரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாடக மன்றத்தில் வருஷத்துக்கு இரண்டு நாடகம் போடுவோம். மற்ற நாளெல்லாம் சும்மா இருக்கிறோமே என்று இந்த முறை கார்த்திகையிலிருந்து மாசி வரை மாதம் ஒரு கச்சேரி வைத்தோம். முதல் கச்சேரிக்கு எண்பது பேர் வந்தார்கள். மார்கழியில் வீணை. கல்யாண மண்டபத்தில் முந்நூறு நாற்காலி போட்டோம். வந்தது பதினேழு பேர். செட்டிநாட்டில் இனி பாட்டுக் கேட்க ஆளில்லை என்கிறார் எங்கள் பொருளாளர். அடுத்த வருஷமும் நடத்தவா, விட்டுவிடவா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பிக்கு,

நடத்துங்கள். பதினேழு பேர் குறைச்சல் இல்லை, முந்நூறு நாற்காலிதான் அதிகம்.

வீணை சின்னச் சத்தமுள்ள வாத்தியம். தந்திக்கு அடியில் வரிசையாகப் பதித்த மெட்டுக் கட்டைகளின் மேல் விரல் இழுபடும் சரசரப்பு காதில் விழும் தூரத்தில் இருந்து கேட்க வேண்டும். மண்டபத்து ஸ்பீக்கரில் அதுதான் முதலில் காணாமல் போகும். வீணையோடு உங்கள் ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்ல வைத்தவர்கள் சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் என்ற சகோதரர்கள். மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசிப்பார். அந்த ஊரில் வீணைக்கு ஆளில்லை என்று பொருளாளர் சொல்லலாமா? பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி ஜமக்காளம் விரியுங்கள். அதே பதினேழு பேர் அங்கே உட்கார்ந்தால் கூட்டம். பிந்தி வருகிறவர் தூணில் சாய்ந்துகொள்வார்.

அப்புறம், மார்கழியை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? அது சென்னையின் கணக்கு. 1927 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது, கூடவே இசை மாநாடும் நடந்தது, அதையொட்டி மறுவருஷம் மியூசிக் அகாடமி வந்தது. டிசம்பர் ஒட்டிக்கொண்ட கதை இதுதான். அந்த மாதம் நல்ல வித்வான்கள் எல்லாம் அங்கே சபா சபாவாக ஓடிக்கொண்டிருப்பார்கள். தையில் கூப்பிட்டுப் பாருங்கள். பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் வைக்கும் செவ்வாய்ப் பொங்கல். எங்கெங்கோ இருக்கிற குடும்பங்கள் அதற்காக வந்து இறங்கும். திரும்பிப் போகிறவர்களை ஒரு சாயங்காலம் உங்கள் ஊரில் நிறுத்தினால் போதும்.

நாடக மன்றம் நடத்தும் கச்சேரியில் நாடகப் பாட்டுக்கு இடமே இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது. நாயக வேஷம் கட்டும் ராஜபார்ட் உள்ளே நுழையும்போதே ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றிப் பிடிப்பார். தூங்கும் பேரனை மடியில் போட்டிருக்கும் ஆச்சி, தர்க்கப் பாட்டுக்கு அடுத்த அடியை முன்கூட்டியே முணுமுணுப்பார். இதைவிடத் தேர்ந்த ரசிகை யார்? 1940இல் வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. மறுபடி உள்ளே விட 1971 ஆயிற்று. நாடக மேடை ஒருநாளும் அதை இறக்கவில்லை. பங்குனி பிறந்தால் அந்தக் கலைஞர்களுக்கு ஊர் ஊராக நாடகம் இருக்கும், தேதி கிடைக்காது. மாசிக்குள் ஒரு நாள் ஒரு ராஜபார்ட், ஒரு ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், மிருதங்கம் என்று உட்கார வைத்து வேஷமில்லாமல் பாடச் சொல்லுங்கள். வீணைக்குக் கொடுத்த அதே சம்பளத்தைக் கொடுங்கள். இதில் பேரம் வேண்டாம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சபாவில் ஆறு மணிக் கச்சேரிக்குப் போய், பொன்னாடையும் செயலாளர் உரையுமாக ஏழேகால் வரை உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உங்கள் ஊர்க் கம்பன் விழாவை, கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் கடிகாரத்தை வைத்தல்லவா நடத்தினார்! நாலு பேர் வந்திருந்தாலும் ஆறென்றால் ஆறு.

டிக்கெட் வேண்டாம், வாசலில் உண்டியல் போதும். தேதி முடிவானதும் எழுதுங்கள். எனக்கு அந்தத் தூணோரம் ஓர் இடம் போட்டு வையுங்கள், முதுகுவலி.