கிட்டார், டிரம்மர் எதுவும் இல்லாம ரெண்டே பேர் சேர்ந்து ராக் ஆல்பம் போட்டிருக்காங்களா? எப்படி பண்ணாங்க?

போட்டிருக்காங்க. பேண்ட் பேரு சூசைட், நியூயார்க். பாடினது ஆலன் வேகா, கீபோர்டும் டிரம் மெஷினும் மார்ட்டின் ரெவ், அவ்ளோதான் பேண்டே. ஆரம்பத்துல ஒரு கிட்டாரிஸ்ட் இருந்தாரு, சீக்கிரமே கழண்டுக்கிட்டாரு.

1970லயே தொடங்கிட்டாங்க, ஆனா முதல் ஆல்பம் வந்தது 1977 கடைசில. நடுவுல ஏழு வருஷம் கிளப் கிளப்பா போய் வாசிச்சு திட்டு வாங்குறதுதான் பொழப்பு, வேகா பைக் செயினை சுழட்டிக்கிட்டு மேடையேறுவாரு, கீழ இருந்து பாட்டில் பறக்கும். என்னைக் கேட்டா ஆல்பம் உருவானது அந்த ஏழு வருஷத்துலதான், ஸ்டுடியோல இல்ல. நியூயார்க் டால்ஸ்ங்கற ராக் பேண்டுக்கு மேனேஜரா இருந்த மார்ட்டி தாவ், ரெட் ஸ்டார்னு புது லேபிள் ஆரம்பிச்சு இவங்களை எடுத்துக்கிட்டாரு, ராமோன்ஸ்ங்கற பங்க் பேண்டோட முதல் ஆல்பம் பண்ண கிரெய்க் லியானும் கூட சேர்ந்து புரொட்யூஸ் பண்ணாரு. மேடையில வாசிக்கிற மாதிரியே வாசிச்சாங்க, டேப் ஓடுச்சு, அவ்ளோதான். லியான் ஜமைக்காவோட டப் இசை ஸ்டைல்ல எக்கோவை, அதாவது எதிரொலியை, அள்ளி விட்டதுதான் கூடுதல் வேலை, ஆனா அது சாதாரண வேலை இல்ல.

அந்த ஆல்பத்துல ஃப்ராங்கி டியர்ட்ராப்னு ஒரு பாட்டு இருக்கு, கேட்டா புரியும். பத்து நிமிஷத்துக்கு மேல ஓடும். இருபது வயசு ஃபேக்டரி தொழிலாளி, வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாம பொண்டாட்டி புள்ளையை சுட்டுட்டு தானும் செத்துப்போறான். டிரம் மெஷின் ஃபேக்டரி மோட்டார் மாதிரி ஒரே அடி, கடைசி வரைக்கும் மாறவே மாறாது, வேகா முணுமுணுத்துக்கிட்டே வந்து திடீர்னு அலறுவாரு பாருங்க, அந்த அலறல் எக்கோல சிதறி திரும்பத் திரும்ப வரும். ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு கேக்காதீங்க, சொல்லிட்டேன். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கே இது ரொம்பப் பிடிச்ச பாட்டு, அவரோட 1982 நெப்ராஸ்கா ஆல்பத்துல ஸ்டேட் ட்ரூப்பர் பாட்டுல வர்ற அலறல் இங்க இருந்து போனதுதான்.

வந்தப்ப பெருசா விக்கல. 1978ல பிரசெல்ஸ்ல பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவோட கச்சேரிக்கு முன்னாடி வாசிச்சப்ப கூட்டம் கூச்சல் போட்டு மைக்கையே புடுங்கிடுச்சு, கடைசில கலவரம். எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க, ஆனா ரெக்கார்டைக் கேக்க மாட்டாங்க.

கேக்கறதா இருந்தா முதல் பாட்டு கோஸ்ட் ரைடர்ல ஆரம்பிங்க. பாடகி எம்.ஐ.ஏவோட பார்ன் ஃப்ரீ பாட்டைக் கேட்டிருந்தீங்கன்னா அதோட ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த இசைத் துணுக்கு, ஏற்கனவே காதுல விழுந்திருக்கும், இதுல இருந்து எடுத்ததுதான். 2010ல அமெரிக்க டிவியோட லெட்டர்மேன் ஷோல அவங்க அதைப் பாடினப்ப கீபோர்டு வாசிச்சது சாட்சாத் மார்ட்டின் ரெவ், யூட்யூப்ல தேடிப் பாருங்க.