புது மாஸ்டர் சிலிண்டர் போட்டும் முன் பிரேக் இறுகவில்லை

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. உள்வேலைக்காகப் பழைய ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்று வாங்கினேன். முன் பிரேக் லீவரைப் பிடித்தால் பஞ்சை அமுக்குவதுபோல ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது. விட்டுவிட்டு மூன்று முறை அடித்தால் கொஞ்சம் இறுகும். மெக்கானிக் முன்பக்கக் காலிப்பர் (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இரண்டையும் கழற்றி சர்வீஸ் செய்தார், மாஸ்டர் சிலிண்டரை (லீவரைப் பிடித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) புதிதாகப் போட்டார், பலமுறை ஏர் எடுத்தார், அதாவது ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றினார். மாற்றமே இல்லை. இப்போது காலிப்பரையும் புதிதாக வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிரேக் சரியாகும்வரை வண்டியைச் சரிவில் இறக்கவும் வேண்டாம்.

அடிக்க அடிக்க இறுகுகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் உள்ளே காற்று மாட்டியிருப்பதன் அடையாளம். முதலில் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அது மேலே இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இடது காலிப்பர் வலதுக்கும் வலது இடதுக்கும் போய்விட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கும், ஆயில் மட்டும் வெளியே வரும், நூறு முறை எடுத்தாலும் பலன் இருக்காது. நல்ல மெக்கானிக்குகளுக்கும் நேர்கிற தவறு இது. இடம் மாற்றிப் போட்டாலே பிரச்சினை தீரலாம்.

நிப்பிள் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் புது மாஸ்டர் சிலிண்டர்மேல். ஹோஸ் சேரும் போல்ட் பக்கத்தில் காற்றுக் குமிழ் நின்றுவிடும். லீவரைப் பிடித்தபடியே போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, லீவரை விடுவதற்குள் இறுக்கச் சொல்லுங்கள். சுற்றித் துணி கட்டுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். அப்புறம், பெரிய ஊசிக்குழாயால் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே ஆயில் ஏற்றுவதும் நன்றாக வேலை செய்யும். அப்போது மேலே உள்ள ஆயில் தொட்டி நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் மசியவில்லையா? ரப்பர் ஹோஸை மழுங்கிய வாயுள்ள கிளாம்ப்பால் மெதுவாக, ஒவ்வொரு சக்கரமாக அடைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தை அடைத்தால் லீவர் இறுகுகிறதோ, கோளாறு அங்கேதான். அந்தச் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். பேரிங் ஆடினால் டிஸ்க், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும், முதல் அடி வீணாகும். சேறு ஏறிக் காலிப்பர் நகர உதவும் வழுக்குப் பின்கள் இறுகிப்போனாலும் இப்படித்தான் பஞ்சாக இருக்கும். சுத்தம் செய்து கிரீஸ் போட்டால் போதும். காலிப்பர் வாங்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

லீவரை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கதை வேறு. எங்கும் கசிவு இல்லை என்றால், புதிதாக வாங்கிய மாஸ்டர் சிலிண்டரே பழுது. பில் வைத்திருக்கிறீர்கள்தானே? கடையில் மாற்றிக் கேளுங்கள்.

ஆயில் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தொட்டி மூடியில் டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு வகை) என்றிருந்தால் அதையே, சீல் உடைக்காத சிறு பாட்டிலாக வாங்குங்கள். திறந்து வைத்த பாட்டில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும், ஈரம் ஏறியது 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அதுவே ஆவியாகி லீவரைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது.