மண்டைக்குள் மிஷின்: மைனி கேட்ட கேள்வி

கேள்வி: பனையிலிருந்து விழுந்த அண்ணன் நான்கு வருடமாகக் கழுத்துக்குக் கீழ் அசைவில்லாமல் கிடக்கிறார். பேச்சு தெளிவு. மூளையில் சிப் வைத்தால் நினைத்தாலே செல்போன் வேலை செய்யுமாமே, வைக்கலாமா? "மனசில் இருப்பதையும் மிஷின் படித்துவிட்டால் மனுஷனுக்கு என்ன மிச்சம்?" என்கிறார் மைனி, அண்ணனின் மனைவி.
- வாசகர், கருங்கல்

பதில்: மைனியின் பயம் பாதி சரி. 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் முதன்முதலாகச் சிப் வைத்த மனிதரும் உங்கள் அண்ணனைப் போலக் கிடந்தவர்தான். கை அசைவை நடத்தும் மூளைப் பகுதியில், மூளையின் மின்துடிப்பைப் பிடிக்கும் 1,024 மின்முனைகள். கையை அசைக்க முயலும்போது எழும் துடிப்பை ஏஐ பழகிக்கொண்டு திரையில் அம்புக்குறியை நகர்த்துகிறது. கடன் கவலையோ மைனி மேல் உள்ள கோபமோ அதற்குத் தெரியாது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். 2025இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் சொற்களையும் ஓரளவு பிரித்தெடுத்தார்கள். கூடவே ஒரு பூட்டும் சோதித்தார்கள்: குறிப்பிட்ட சொற்றொடரை மனதில் நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும். பூட்டு தேவைப்பட்டது என்பதே மைனிக்குப் பதில். சிலி நாடு 2021இலேயே மூளைத் தகவலுக்கு அரசியல் சட்டத்தில் பாதுகாப்பு கொடுத்துவிட்டது.

எனக்குப் பெரிய பயம் வேறு. தக்கலையில் காது கேட்கும் கருவி பழுது பார்க்கிறேன். "இந்த மாடல் நிறுத்தியாச்சு, பார்ட்ஸ் வராது" என்று எத்தனை பாட்டிகளிடம் சொல்லியிருப்பேன்! அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடலாம், மண்டைக்குள் இருப்பதை என்ன செய்வது? அமெரிக்காவைச் சேர்ந்த செகண்ட் சைட் நிறுவனம் பார்வையற்றோர் சுமார் 350 பேருக்கு விழித்திரையில் கருவி வைத்தது. 2019இல் அந்தக் கருவியைத் தயாரிப்பதையே நிறுத்தியது. வைத்துக்கொண்டவர்கள், பழுதானால் போய்ச் சொல்ல ஆள் இல்லாமல் நின்றார்கள். அதனால் கையெழுத்துப் போடுமுன், கம்பெனி மூடினால் யார் பார்ப்பார்கள், எடுக்க வேண்டுமென்றால் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். மூளைச் சிப் இன்னும் பெரும்பாலும் சோதனை அளவில்தான் இருக்கிறது, அவசரமில்லை.

அப்புறம் ஒன்று. உங்கள் ஆசை கடிதத்தில் இருக்கிறது, மைனியின் பயம் இருக்கிறது. அண்ணன் என்ன சொன்னார்? ஒரு வரிகூட இல்லையே. அடுத்த கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள்.