அலகின் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, டிசம்பர் விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பேத்தி வருகிறாள். பத்து வயது. கடல் பறவைகளைக் காட்டச் சொல்கிறாள். டர்பனில் எங்கே, எப்போது போகலாம்? எனக்குக் கடற்காகம் தவிர ஒன்றும் தெரியாது.
- ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிச் சட்டியோடு போகிற புளூ லகூனுக்கே அழைத்துப் போங்கள். உம்கேனி ஆறு கடலில் சேரும் அந்த இடத்துக்கு நான் ஒவ்வொரு கோடையும் போகிறேன்.

நேரம்தான் முக்கியம். கடல் வற்றும்போதுதான் ஆற்றுவாயில் மணல்திட்டுகள் தெரியும், ஆலா என்கிற கடல் பறவைகள் (ஆங்கிலத்தில் டெர்ன்) வந்து உட்காரும். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், முந்தின நாளே பார்த்துவையுங்கள். காலையில் வற்றும் நாள் கிடைத்தால் நல்லது. ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், வெயிலும் உறைக்காது.

எல்லா ஆலாவும் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும். பேத்தியிடம் பைனாகுலரைக் கொடுத்து அலகின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சிவந்த தடித்த அலகா? காஸ்பியன் ஆலா, ஆலாக்களிலேயே பெரியது. எலுமிச்சை மஞ்சளா? பெரிய கொண்டை ஆலா. ஆரஞ்சு என்றால் சிறிய கொண்டை ஆலா. சின்ன உடம்பும் கறுத்த அலகுமாகக் கூட்டமாக நிற்பவை சாதாரண ஆலாக்கள். பெயர்தான் சாதாரணம்! ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வருமுன் ஆப்பிரிக்கா முழுவதையும் கடந்து இங்கே வருகின்றன. அத்தனை தூரம் பறந்த பறவையைப் போட்டோவுக்காக விரட்டி எழுப்ப வேண்டாம், தள்ளியே நில்லுங்கள். எல்லாம் காற்று வரும் பக்கமே முகம் வைத்து நிற்பதையும் காட்டுங்கள்.

அப்புறம், ஒரு பை எடுத்துப் போங்கள். தூண்டில்காரர்கள் அறுத்துப் போடும் நைலான் நரம்பு கரையெல்லாம் கிடக்கும். போன ஜனவரியில் அது இரண்டு காலையும் இறுக்கிக் கட்டிய ஒரு கொண்டை ஆலாவைப் பார்த்தேன். மேல்துண்டால் மூடிப் பிடித்து, நண்பர் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். ஒரு கால் வீங்கிப் போயிருந்தது. ஆனாலும் பறந்தது. அன்றிலிருந்து கண்ணில் பட்ட நரம்பை நான் விட்டு வருவதில்லை.

வண்டிக்குள் பொருள் எதுவும் வைக்காதீர்கள். பேத்தி ஜூன், ஜூலையிலும் வந்தால் எழுதுங்கள். மத்திக் கூட்டம் கரையோரம் வரும் காலம் அது, கன்னெட் பறவைகள் அம்பு போலக் கடலுக்குள் பாய்வதைப் பார்க்கலாம்.